வாங்கிய ஹேண்டில்பார் பாகம் வண்டியில் பொருந்தவில்லையா? அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

"எல்லா பைக்குக்கும் பொருந்தும்" என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும். பிரித்து வண்டியில் வைத்துப் பார்த்தால் கிளாம்ப் கவ்வாது. கவ்வினாலும் சுற்றும். கண்ணாடி இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். ஹேண்ட் கார்டு (கைக்கு முன்னால் மாட்டும் காப்பு) பிரேக் ஹோஸில் போய் முட்டும். இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்து முறுக்குவது. அங்கேதான் ஐந்நூறு ரூபாய்ப் பாகத்துக்காக ஐயாயிரம் ரூபாய் மாஸ்டர் சிலிண்டரின் (லீவரைப் பிடித்தால் பிரேக் திரவத்தைத் தள்ளும் பாகம்) மரை போகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. சாதாரண உதிரிபாகங்கள் ஊரிலேயே கிடைத்துவிடும். இந்த மாதிரி அலங்கார, டூரிங் பாகங்களை நேரில் வைத்துப் பார்த்து வாங்க மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதனால் படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்குகிறோம். பொருந்தாமல் போவது அதனாலேயே இங்கே அதிகம்.

முழுக் கட்டுரைக்கும் அடிப்படையான விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது பொருந்தவில்லை என்று அளந்து தெரிந்துகொள்ளும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள். அளந்த பிறகும், ராவுவதோ வெட்டுவதோ வாங்கிய பாகத்தில் மட்டும் இருக்கட்டும். வண்டியோடு வந்த பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் அரம் படக்கூடாது.

தொடங்கும் முன்

பெட்டி, உள்ளே இருந்த வாஷர் பொட்டலம், பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அரத்தால் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வழி அடைந்துவிடும். பாகத்தைக் குழாயின்மேல் வைத்து, எங்கே இடைவெளி இருக்கிறது, எங்கே முட்டுகிறது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். வண்டியின் பழைய நிலையையும் எடுத்து வையுங்கள்: கேபிள் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது, ஒயர் எந்த கிளிப்புக்குள் நுழைகிறது என்பதெல்லாம் கழற்றிய பிறகு ஞாபகத்துக்கு வராது.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு வெர்னியர் காலிப்பர், ஆலன் கீ செட், நல்ல ஸ்பேனர்கள், நிழலான இடம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் கிரிப் ரப்பர் இளகி அளவு தப்பும், கையும் பொறுக்காது.

குழாயின் அளவு: 7 நூலா, 8 நூலா, 9 நூலா

பொருந்தாத பாகங்களில் பெரும்பங்கு இந்த ஒரு அளவில்தான் தப்புகிறது. நம் பட்டறைக் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஹேண்டில்பார் குழாய்கள் உலகம் முழுக்க இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் இருப்பது 7 நூல் குழாய், அதாவது 22.2 மி.மீ. ஹார்லி போன்ற க்ரூசர் வண்டிகளில் 8 நூல், 25.4 மி.மீ. அட்வென்ச்சர் ரக வண்டிகள் சிலவற்றிலும், வெளியில் வாங்கும் தடித்த அலுமினியம் பாரிலும் நடுவில் 9 நூல், 28.6 மி.மீ. இருக்கும். அந்தத் தடித்த பாரும் கிரிப் பக்கம் வரும்போது ஒடுங்கி 22 மி.மீ. ஆகிவிடும். ஆகவே "என் பார் 28 மி.மீ." என்று மட்டும் சொன்னால் போதாது. பாகம் உட்காரப்போகும் அந்த இடத்தில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஒடுங்கும் சரிவில் எந்த கிளாம்பும் ஒழுங்காகக் கவ்வாது.

காலிப்பர் இல்லையா? ஒரு தாள் கீற்றைக் குழாயைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்து, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, விரித்து ஸ்கேலில் வையுங்கள். சுற்றளவு 70 மி.மீ. வந்தால் 7 நூல், 80 வந்தால் 8 நூல், 90 வந்தால் 9 நூல். துல்லியம் போதாது என்று நினைக்க வேண்டாம். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அளவு சரியாக இருந்தும் கிளாம்ப் மூட மறுத்தால், உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பவுடர் கோட்டிங் அடித்த பாகங்களில் உள்ளேயும் பெயின்ட் ஏறியிருக்கும். அது ஒரு பக்கத்துக்கே 0.06 முதல் 0.1 மி.மீ. வரை வரும், விட்டத்தில் இரண்டு மடங்கு. உள்ளே மட்டும் 240-ஆம் நம்பர் உப்புத்தாளைக் குழாயில் சுற்றி விட்டு மெதுவாகத் தேய்த்தால் போதும், அரம் வேண்டாம்.

எதிர்ப்பக்கச் சிக்கல், கிளாம்ப் பெரிதாக இருந்து சுற்றுவது. போன் ஹோல்டர், கிளாம்ப் மாட்டும் கண்ணாடி போன்றவற்றுக்கு ரப்பர் பட்டையோ மெல்லிய அலுமினியத் தகடோ உள்ளே கொடுக்கலாம், தவறில்லை. ஹேண்ட் கார்டின் தாங்கியில் 7 நூலுக்கும் 9 நூலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தகடு சுற்றி அடைக்க முடியாது. நடுவில் பிளந்த அலுமினிய வளையம் வேண்டும், சுவர் தடிமன் 3.2 மி.மீ. அதைக் கடையிலும் வாங்கலாம், லேத்திலும் கடையலாம். ஆனால் ஹேண்டில்பாரையே ஸ்டியரிங்கோடு பிடிக்கும் நடுக் கிளாம்பில் குளிர்பான டின்னை வெட்டிச் சுருட்டி வைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளத்தில் இறங்கும்போது கையின் எடை முழுக்க அந்த இடத்தில்தான் விழுகிறது. அங்கே அளவு தப்பினால் பாரைத் திருப்பி அனுப்புவதுதான் வழி.

கண்ணாடி ஏறவில்லை என்றால்

பெரும்பாலான பைக்குகளில் கண்ணாடித் தண்டு 10 மி.மீ., மரை இடைவெளி 1.25. சில வண்டிகளில், ஸ்கூட்டர்களில் 8 மி.மீ. வரும். யமஹா வண்டிகள் பலவற்றில் வலதுபக்கக் கண்ணாடிக்கு எதிர்மரை. இடதுபக்கம் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் முறுக்கிக்கொண்டே இருந்தால் அலுமினியத்தில் உள்ள மரை சிதைந்துவிடும். அந்தத் துளை மாஸ்டர் சிலிண்டரின் உடம்பிலேயே இருப்பதால் செலவு பெரிது.

சோதனை எளிது. ஸ்பேனர் இல்லாமல், விரலால் மட்டும் மூன்று சுற்று ஏற வேண்டும். ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ ஏறி இறுகினால் தடிமன் சரி, மரை இடைவெளிதான் வேறு. பழைய கண்ணாடித் தண்டையும் புதியதையும் மரையோடு மரை பொருந்தும்படி பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து வெளிச்சம் தெரியாமல் இருந்தால் ஒரே மரை. எண்ணால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பத்து மரைக்கான நீளத்தை அளந்து பாருங்கள்: 12.5 மி.மீ. என்றால் 1.25 மரை, 15 என்றால் 1.5 மரை.

இதற்கெல்லாம் அடாப்டர் கிடைக்கிறது: எதிர்மரையை நேர்மரையாக்குவது, 10-ஐ 8 ஆக்குவது. வாங்கி மாட்டுங்கள். டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு வண்டியின் துளையில் புது மரை வெட்டுவது கடைசி வழி, அதையும் கைபழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

பார் முனையில் மாட்டுபவை

பார் எண்ட் கண்ணாடி, ஹேண்ட் கார்டின் வெளிமுனை, எடைக்கட்டி எல்லாம் குழாயின் உள்விட்டத்தை நம்பி வருபவை. இரும்புக் குழாயின் சுவர் மெலிது, உள்விட்டம் 17, 18 மி.மீ. வரை கிடைக்கும். அலுமினியம் பாரின் சுவர் தடிப்பானது, 14 மி.மீ. அளவுதான் இருக்கும். இரும்புக்கு என்று வந்த விரியும் ரப்பர் அலுமினியத்தில் நுழையவே நுழையாது. இன்னும் பல வண்டிகளில் உள்ளே நட்டோ எடையோ பற்றவைத்தே வரும். அதில் விரியும் வகை பயன்படாது, அந்த நட்டின் மரைக்கேற்ற போல்ட்டோடு வரும் பாகம்தான் வேண்டும்.

பழைய முனை ஸ்க்ரூ அசையவில்லை என்றால் அதில் மரைப்பசை போட்டிருப்பார்கள். ஹீட் கன்னால் சூடாக்கி, தலைக்குச் சரியாகப் பொருந்தும் பிட்டை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

ஆக்சிலேட்டர் பக்கத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. புது முனைக்கும் கிரிப்புக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் ஆக்சிலேட்டர் திருப்பிய இடத்திலேயே நிற்கும். கிரிப் வாங்கும்போதும் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். வலதுபக்கக் கிரிப் பிளாஸ்டிக் குழலின்மேல் ஏறுவதால் அதன் துளை பெரிதாக இருக்கும். அதை இடதில் மாட்டிவிட்டால் கழன்று கையோடு வரும்.

லீவர்: அதிகக் கவனம் இங்கே

குட்டை லீவர், மடியும் லீவர் என்று அழகாக வருகின்றன. மாட்டும்போது பொருந்தியது போலவே தெரியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பிரேக் லீவரின் உள்பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதுதான் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளுகிறது. லீவரை விட்டிருக்கும்போது புடைப்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். விரல்நுனியால் லீவரை அசைத்தால் பிஸ்டனைத் தொடும் முன் லேசாக ஆட்டம் தெரியும். வெளியில் வாங்கிய லீவரின் புடைப்பு அரை மி.மீ. நீண்டிருந்தாலும் பிஸ்டன் எப்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டே நிற்கும். சிலிண்டருக்குள் திரவம் தொட்டிக்குத் திரும்பிப் போக ஒரு நுண்துளை உண்டு. பிஸ்டன் அதை மூடிக்கொள்ளும். ஓட்ட ஓட்ட பேட் உரசி டிஸ்க் சூடாகும். திரவம் விரியும், திரும்பிப் போக வழியில்லை, அழுத்தம் தானாக ஏறும். கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். மாட்டிய உடனே வண்டியைத் தள்ளிப் பார்த்தால் இது தெரியாது. நடுப்பகல் வெயிலில் திருப்பத்தூர் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் போன பிறகுதான் தெரியும்.

எனவே லீவர் மாட்டியதும் இப்படிச் சோதியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை நன்றாக நாலைந்து முறை பிடித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். லேசான உரசல் எல்லா டிஸ்க்கிலும் இருக்கும், ஆனால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு தொட்டி மூடியைத் திறந்து, கண்ணை விலக்கி வைத்துக்கொண்டு லீவரை மெதுவாகப் பிடித்தால் திரவத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு கொப்புளிப்புத் தெரிய வேண்டும். தெரிந்தால் நுண்துளை திறந்திருக்கிறது. தெரியவே இல்லை என்றால் அந்த லீவரோடு வண்டியை எடுக்காதீர்கள். திரவம் பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

புடைப்பை ராவிச் சரிசெய்யலாமா? வாங்கிய லீவர்தானே என்று கேட்கத் தோன்றும். வேண்டாம் என்பேன். கூடுதலாக ராவிவிட்டால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது. உங்கள் மாடலுக்கென்றே செய்த லீவரை வாங்குங்கள்.

அப்புறம் சுவிட்ச். லீவருக்குக் கீழே இருக்கும் சின்ன பித்தானை லீவரின் மூக்கு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். மூக்கின் அளவு தப்பினால் பிரேக் விளக்கு எப்போதும் எரியும், இல்லை எரியவே எரியாது. கிளட்ச் பக்கம் என்றால் கியரில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தைப்பூசச் சமயத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும்போது ரோட்டில் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹேண்டில்பாரையே மாற்றினால், ரைசர் வைத்தால்

பழைய பாரில் சுவிட்ச் பெட்டி சுற்றாமல் இருக்க ஒரு சிறு துளை இருக்கும், பெட்டியின் உள்ளே இருக்கும் முளை அதில் உட்காரும். வெளியில் வாங்கும் பாரில் பெரும்பாலும் துளை இருக்காது, அதனால்தான் பெட்டி மூடாது. சிலர் முளையை வெட்டிவிடுகிறார்கள். ஆக்சிலேட்டர் பெட்டி சுற்றத் தொடங்கினால் ஆக்சிலேட்டர் கேபிளும் இழுபடும், ஆகவே அது கூடவே கூடாது. பழைய பாரில் முனையிலிருந்து துளைவரை அளந்து, புதிதில் எல்லாவற்றையும் தளர்வாக வைத்து உட்கார்ந்து பார்த்து, கோணம் முடிவான பிறகு குறி போட்டு, முளையின் அளவுக்கே துளை போடுங்கள். நேரான கைப்பிடிப் பகுதியில் ஒரே ஒரு துளை. வளைவில் கூடாது, தப்பிப்போனால் பக்கத்திலேயே இன்னொன்றும் கூடாது. துளையிடக்கூடாது என்று பார் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

ரைசரில் (பாரை உயர்த்த அடியில் வைக்கும் கட்டை) பலர் பார்க்காதது போல்ட்டின் நீளம். உயரம் கூடினால் நீண்ட போல்ட் வேண்டும். 8 மி.மீ. போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். தலையில் 8.8 என்று அடித்த போல்ட் வாங்குங்கள். கேட் கதவுக்கு வாங்கும் சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது.

பார் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒயர், பிரேக் ஹோஸ் எல்லாம் இழுபடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டு தொங்கும்போது பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். அப்போதும் ஹோஸ் தளர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட ஹோஸ் வாங்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் ஏபிஎஸ்ஸோடுதான் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விற்கப்படுகின்றன. அந்த ஹோஸைக் கழற்றினால் உள்ளே புகுந்த காற்றை எடுப்பது வீட்டு வேலை இல்லை, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செய்வதுதான் நல்லது.

லேத் பட்டறைக்குப் போகும்போது

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. புதுவயல் அரிசி ஆலைகள், டிராக்டர், போர்வெல் வேலை என்று பழகிய கடைசல்காரர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஒரு வளையமோ வாஷரோ அவர்களுக்குச் சின்ன வேலை. ஆனால் "அண்ணே, இது வண்டியில சேரல, பாத்துப் பண்ணிக் குடுங்க" என்று பாகத்தை நீட்டாதீர்கள். தாளில் படம் வரைந்து அளவு எழுதிக் கொண்டுபோங்கள்: உள்விட்டம் 22.2, வெளிவிட்டம் 28.6, நீளம் இவ்வளவு, ஒரு பக்கம் 2 மி.மீ. பிளவு. "உள்ள கை இறுக்கமா இருக்கணும், ஆடக்கூடாது" என்று சேர்த்துச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். முடிந்தால் அதே அளவுக் குழாய்த் துண்டு ஒன்றையும் கொண்டுபோங்கள். கடைந்த கையோடு மாட்டிப் பார்த்துவிடலாம்.

எந்த உலோகம் என்றும் சொல்ல வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்ற வண்டியில், அதுவும் தொண்டிப் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டியில், ஒரு வருஷத்தில் வெள்ளைப் பொடி கட்டி கிளாம்ப் கழலாமல் போகும். இந்த அரிப்பை ஆராய்வதற்கென்றே பிரிவு வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. நாம் செய்ய வேண்டியது சின்னது: மாட்டும் முன் சேரும் பரப்பைத் துடைத்து, போல்ட் மரையிலும் கிளாம்பின் வெளி விளிம்பிலும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். கவ்வும் பரப்புக்குள் கிரீஸ் போகக்கூடாது, வழுக்கும்.

இறுக்குவதும் ஓட்டிப் பார்ப்பதும்

நடுக் கிளாம்பில் குறிப்புள்ளியோ அம்புக்குறியோ இருந்தால் அது முன்பக்கம் வர வேண்டும், முன் போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். குறி இல்லையென்றால் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக வரும்படி மாற்றி மாற்றி இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 8 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், லீவர் கிளாம்பின் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில், பாரை ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசிவரை மெதுவாக ஒடியுங்கள். இன்ஜின் சத்தம் துளியும் ஏறக்கூடாது. ஏறினால் கேபிள் இழுபடுகிறது. ஆக்சிலேட்டரைத் திருப்பி விட்டால் எந்தக் கோணத்திலும் டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். முழுக்க ஒடித்த நிலையில் கட்டைவிரல் டேங்கில் நசுங்காமல் இடம் இருக்கிறதா, ஹேண்ட் கார்டு டூமிலோ (ஹெட்லைட் கூடு) கண்ணாடியிலோ தட்டுகிறதா, ஹார்ன், இண்டிகேட்டர், கில் சுவிட்ச் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் ஓட்டம் கூட்டமில்லாத நேரத்தில் கானாடுகாத்தான் மாதிரி அகலமான, நேரான தெருக்களில் இருக்கட்டும், அங்கே வேகமும் வேண்டாம். பிறகு திருமயம்வரை போய் வாருங்கள். போகும் முன் ஒவ்வொரு கிளாம்பும் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்பி வந்து, முன் டிஸ்க்கைத் தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் வந்தும் அனல் அடித்தால் லீவர் புடைப்பை மறுபடி சோதிக்க வேண்டும். கோடு விலகியிருந்தால் போல்ட்டை மேலும் இறுக்குவதற்கு முன் கழற்றி, உள்ளே கிரீஸோ பெயின்டோ இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து மாட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். அதன் பிறகும் கோடு விலகுகிறது என்றால் அந்தப் பாகம் அந்தக் குழாய்க்கானது இல்லை. கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டுங்கள்.